எங்கள் வீட்டு மேசையில் ஓர் ஏவுமேடை

மாசாயில் இசைக்கருவி விற்கும் கடை ஒன்றில் நான் அடிக்கடி கித்தார் கம்பி வாங்குவேன். ஆறு கம்பி கொண்ட கட்டு வேண்டாம், ஆக மெல்லிய கம்பி மட்டும் ஐந்து கொடுங்கள் என்பேன். மூன்றாவது முறை போனபோது கடைத் தம்பி தயங்கித் தயங்கி, "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இவ்வளவு கம்பி அறுந்துச்சுன்னா நீங்க ட்யூன் பண்றதுலதான் ஏதோ கோளாறு. கித்தாரைக் கொண்டு வாங்க, நான் பார்த்துத் தரேன்" என்றார்.

எனக்குக் கித்தாரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. அந்தக் கம்பி எனக்குக் கைப்பிடி. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், கென்னடி விண்வெளி நிலையத்தில், விண்ணோடங்கள் நின்று புறப்பட்ட ஏவுமேடையின் ஓரத்தில் ஆட்கள் பிடித்துக்கொண்டு நடந்த இரும்புக் கைப்பிடி. 144இல் ஒரு பங்காகச் சுருக்கினால், அது கித்தாரின் முதல் கம்பி அளவுக்குத்தான் வரும்.

பகலில் நான் சிங்கப்பூரில் குளிரூட்டிக் குழாய்களுக்கு வரைபடம் போடுகிற ஆள். விடிகாலை ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் கடற்பாலத்தைக் கடந்து, இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவன். நாள் முழுக்கக் கோடு போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்தும் கோடுதானா என்று என் மனைவி கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒன்பதரை மணிக்குச் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, விளக்கைத் தாழ்த்தி உட்கார்ந்தால் பதினொரு மணிவரை எனக்கு வேறு நினைப்பு இருக்காது. இரண்டு ஆண்டுகளாக இப்படித்தான் போகிறது.

ஆரம்பித்து வைத்தவள் என் மகள். அப்போது தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. பள்ளியில் மாறுவேட நாள் வந்தது. மற்ற பிள்ளைகள் பாரதியாராகவும் ஔவையாராகவும் போனபோது, இவள் ஆரஞ்சு நிற மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு கல்பனா சாவ்லாவாகப் போனாள். ஹரியானாவின் கர்னாலில் பிறந்து, விண்வெளிக்குப் போன முதல் இந்திய வம்சாவளிப் பெண்மணி. தமிழ்நாட்டில் துணிச்சல்காரப் பெண்களுக்கு ஆண்டுதோறும் அவர் பெயரில் அரசு விருது கொடுக்கிறார்கள் என்றும் அன்று மேடையில் மனப்பாடமாகச் சொன்னாள். அடுத்த பிறந்தநாளுக்கு அவள் கேட்டது கல்பனாவின் 'கொலம்பியா' விண்ணோடம்.

1/144 அளவில் விண்ணோடம், ஆரஞ்சு நிறத் தொட்டி, இரு பக்கமும் பூஸ்டர்கள் என்று ஒரு பிளாஸ்டிக் கிட் வாங்கி வந்து இருவருமாக ஒட்டினோம். கொலம்பியா என்றால் இறக்கையின் முன்பகுதியில் கறுப்புப் பட்டை வர வேண்டும், மற்ற ஓடங்களுக்கு அது கிடையாது. அதையும் சரியாக அடித்தோம். எல்லாம் முடிந்து மேசையில் நிறுத்தியதும் அவள் கேட்டாள்: "அப்பா, இது எதுமேல நிக்கும்?"

கிட்டில் கொடுத்திருந்த கறுப்புக் கட்டையைக் காட்டினேன். முகத்தைச் சுளித்தாள். மேடையும் கோபுரமும் சேர்ந்த கிட் ஒன்று சந்தையில் வந்ததுண்டு. பழையது ஒன்றுக்கு இணையத்தில் கேட்ட விலைக்கு எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியை மாற்றிவிடலாம். "நாமே செய்வோம்மா" என்று சொல்லிவிட்டேன். வாய் சும்மா இருக்கக் கூடாதா!

இந்தப் பொழுதுபோக்கில் இதற்கு 'ஸ்க்ராட்ச் பில்ட்' என்று பெயர். பெட்டியில் வராத பாகத்தை வெறும் பிளாஸ்டிக் தாள், குச்சி, கம்பி, வீட்டில் கிடைக்கிற சாமான் இவற்றிலிருந்து நாமே உண்டாக்குவது. பெரிய பாகங்கள் சுலபம். சின்னதுதான் உயிரை வாங்கும்.

முதலில் அந்த மேடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தரையோடு கட்டிய மேடை அல்ல அது. 160 அடி நீளம், 135 அடி அகலம், 25 அடி உயரத்தில் ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே இரண்டு தளங்களில் அறைகள், குழாய்கள், மின்கருவிகள். வெறும் மேடையே ஏறக்குறைய 3,700 டன். அதன்மேல் விண்ணோடத்தைக் கட்டி நிறுத்தி, ஊர்ந்து போகும் ராட்சத வண்டி ஒன்று மேடையோடு சேர்த்துத் தூக்கி, மணிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் வேகத்தில் ஏவுதளத்துக்குக் கொண்டுபோய் வைக்கும். இப்படி மூன்று மேடைகள் இருந்தன. மூன்றும் நிலவுக்குப் போன அப்போலோ காலத்தில் செய்தவை. 1969 ஜூலை 16ஆம் தேதி ஆம்ஸ்ட்ராங்கும் நண்பர்களும் கிளம்பிய மேடையையே பிறகு விண்ணோடத்துக்காக மாற்றினார்கள். மேலே இருந்த சிவப்புக் கோபுரத்தை எடுத்துவிட்டார்கள். நெருப்பு வெளியேற நடுவில் இருந்த ஒரு பெரிய ஓட்டைக்குப் பதிலாக மூன்று ஓட்டைகள் வந்தன: இரண்டு பூஸ்டர்களுக்கு இரண்டு, ஓடத்தின் முதன்மை இயந்திரங்களுக்கு ஒன்று. 1981 முதல் 2011 வரை 135 பயணங்கள் இந்த மூன்று மேடைகளிலிருந்துதான் புறப்பட்டன. மூன்றில் ஒன்றை 2021இல் உடைத்து இரும்பாக்கிவிட்டார்கள்.

144ஆல் வகுத்தால் என் மேடை 33.9 சென்டிமீட்டர் நீளம், 28.6 சென்டிமீட்டர் அகலம், 5.3 சென்டிமீட்டர் உயரம். பெரிய பிஸ்கட் டப்பா அளவு. சின்ன வேலை என்று நினைத்தேன்.

பெட்டி ஒரு மாதத்தில் முடிந்தது. அடுத்து ஓரக் கைப்பிடி. அந்நாட்டுத் தொழிற்கூடங்களில் வழக்கமான கைப்பிடி 42 அங்குல உயரம், ஒன்றரை அங்குலக் குழாய். எனக்கு அது ஏழரை மில்லிமீட்டர் உயரமும் கால் மில்லிமீட்டர் தடிமனும். மேடையைச் சுற்றி மட்டும் ஒன்றேகால் மீட்டர் நீளம் வேண்டும். முதலில் பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்தியில் வாட்டி நூலாக இழுத்துப் பார்த்தேன். நம் ஊர் வெயிலில் இரண்டே நாளில் துணிக்கொடிபோல் தொய்ந்தது. பழைய போன் சார்ஜர் ஒயரைக் கிழித்து செம்பு இழைகளை எடுத்தேன். விரல் பட்டாலே வளைந்தது. கடைசியில் கித்தார் கம்பி. 0.25 மில்லிமீட்டர், எஃகு, நேராக நிற்கும், மேலே ஈயப்பற்றுக்கு ஒத்துவரும் பூச்சும் இருந்தது.

ஒட்டுப்பலகையில் கத்தியால் கோடு கீறி, கோட்டில் கம்பிகளைப் பதித்து, தூணும் குறுக்குக் கம்பியும் சேருமிடத்தில் சால்டரிங் வைத்தேன். ஒரு துண்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. பத்துத் துண்டு முடித்து மேடையின் நான்கு பக்கமும் நிறுத்தி வைத்திருந்த இரவுதான் அப்பா முதல்முறையாக மேசைக்கு அருகில் வந்தார்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்தோர் ஆண்டுகள் கப்பல் பட்டறையில் வெல்டர். அம்மா இறந்த பிறகு கூலாய் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்து தங்கினார். கைகள் நடுங்க ஆரம்பித்திருந்தன. தேநீர்க் கோப்பையைப் பாதிதான் நிரப்ப வேண்டும். காலையில் பசியாறிவிட்டு வாசலில் உட்கார்ந்தால் மதியம்வரை அப்படியே இருப்பார். என் மேசையைக் கடக்கும்போதெல்லாம் "விளையாட்டுச் சாமான்" என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிட்டுப் போவார்.

அன்று கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"இதுக்கு வாசல் எங்கே?"

"என்னப்பா?"

"மேல ஏறி வர்ற ஆள் எப்படி உள்ளே வருவான்? சுத்தி அடைச்சு வச்சிருக்கியே."

படங்களை எடுத்துப் பார்த்தேன். படிக்கட்டு வந்து சேரும் இடத்தில் கைப்பிடி திறந்திருந்தது. நான் தூண்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்று கணக்குப் போட்டதில் மனுசன் வரும் வழியை மறந்திருந்தேன்.

"வாசலுக்கு ரெண்டு பக்கமும் தூண் வரணும். கம்பியோட முனை மொட்டையா நீட்டிக்கிட்டு நிக்கக் கூடாது. வளைச்சுக் கீழே இறக்கணும். இல்லேன்னா சட்டை மாட்டும், கை கிழியும்." முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பைக் காட்டினார். சின்ன வயதிலிருந்து பார்த்த தழும்பு. எப்படி வந்தது என்று அன்றுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒன்பதரை மணிக்கு இரண்டு நாற்காலி. அவரால் சால்டரிங் பிடிக்க முடியாது, ஆனால் நான் பிடிப்பதைப் பார்த்துச் சொல்வார். "சூடு கம்பிக்குக் குடு, ஈயத்துக்குக் குடுக்காதே. ஈயம் தானா ஓடணும். உருண்டையா உட்கார்ந்துச்சுன்னா அது பிடிக்கல." அவர் சொன்னபடி செய்ததில் ஒரு துண்டுக்கு இருபது நிமிடம்தான் ஆனது. முன்பு செய்த பத்துத் துண்டுகளையும் விரலால் தட்டிப் பார்த்து, அதில் நான்கை ஒதுக்கிவிட்டார். இழுத்துப் பார்த்தேன், நான்கும் கையோடு வந்தன.

நான்காம் மாத முடிவில் பெரிய அடி விழுந்தது.

மேடையின் மேல்தளம், மூன்று ஓட்டைகள், பூஸ்டர் நிற்கும் தாங்கிகளின் இடம், கைப்பிடி எல்லாம் முடிந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூப்பிட்டு, "வாம்மா, ஓடத்தை ஏத்திப் பார்ப்போம்" என்றேன். ஏறவில்லை. இடது பூஸ்டர் தாங்கியில் உட்கார்ந்தால் வலது பூஸ்டர் வெளியே நின்றது. நிஜத்தில் இரு பூஸ்டர்களின் மையங்களுக்கும் இடையே 501 அங்குலம். எனக்கு 88.4 மில்லிமீட்டர் வர வேண்டும். காலிபர் வைத்துப் பார்த்தால் 85.7.

கிட்டில்தான் பிழை என்று முதலில் நம்பினேன். அளந்து பார்த்தேன், கிட் சரி. மேடையின் நீளத்தை அளந்தேன். 32.9 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் குறைவு! வரைபடத்தை ஏ3 தாளில் அச்செடுத்தபோது, 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற கட்டத்தில் டிக் இருந்திருக்கிறது. 28.6 சென்டிமீட்டர் அகலப் படம், 29.7 சென்டிமீட்டர் அகலத் தாள். விளிம்புக்கு இடம் விட வேண்டி அச்சுப்பொறி அமைதியாக நூற்றுக்கு மூன்று சுருக்கிவிட்டது. நான் அந்தத் தாளைப் பிளாஸ்டிக்கில் ஒட்டி, கோட்டின்மேல் கோடாக, துளி பிசகாமல் வெட்டியிருக்கிறேன்.

வரைபடம் போடுவது என் தொழில். வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே நான் சொல்வது, "அச்செடுத்தா முதல்ல அளவுகோல் வச்சுப் பாருங்க" என்பதுதான்.

சமாளிக்க வழி இருந்தது. ஓட்டைகளை ஒன்றேகால் மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளி அறுத்து, தாங்கிகளை நகர்த்தினால் ஓடம் நின்றுவிடும். பார்க்கிற யாருக்கும் தெரியாது. அன்று இரவு அப்பாவிடம் அதைத்தான் சொன்னேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. வெளியே மழை பிடித்திருந்தது. பிறகு, என்னைப் பார்க்காமல் மேடையைப் பார்த்தபடி பேசினார்.

"கப்பல் மறுநாள் காலையில கிளம்பணும். ஏணிப்படிக் கைப்பிடி ஒண்ணு விட்டுப்போச்சு. மழை. ஈரத்துலதான் வச்சேன். பிடிக்கலன்னு கைக்குத் தெரிஞ்சுச்சு. உடம்புத் தகட்டுத் தையல்னா படம் புடிச்சுப் பார்ப்பான், கைப்பிடியை யாரு பார்க்கப் போறா? தேய்ச்சு, மேல பெயின்ட் அடிச்சுட்டேன். கப்பல் போயிடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. போயிடுச்சு. எந்த ஊருக்காரன் அதைப் பிடிச்சுக்கிட்டு ஏறினானோ."

எனக்கு அப்போது எட்டு வயது இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லையாம். நான் ஒன்றும் கேட்கவில்லை. மழை விடும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில் புதிதாக இரண்டு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தாள் வாங்கிவந்தேன். கைப்பிடிகளை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு மேடையைக் குப்பையில் போட்டேன். மகள் அழுதாள். குப்பையிலிருந்து ஒரு மூலையை எடுத்துத் தன் புத்தக அலமாரியில் வைத்திருக்கிறாள், இன்னும் இருக்கிறது.

இரண்டாவது மேடை இரண்டே மாதத்தில் எழுந்தது. கை பழகியிருந்தது.

அதன் மேல்தளத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலை தண்ணீர்க் குழாய்கள்தான். ராக்கெட் கிளம்பும்போது பொங்கும் வெள்ளைப் புகையைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அதில் பெரும்பங்கு நீராவி. ஏவுதளத்தின் அருகே 290 அடி உயரக் கோபுரத் தொட்டியில் 300,000 கேலன், அதாவது 11 லட்சம் லிட்டருக்கும் அதிகமான தண்ணீர் இருக்கும். பம்பு கிடையாது. வால்வைத் திறந்தால் ஏழடிக் குழாய்களில் தன் எடையாலேயே பாய்ந்து வரும். ஓடம் எழும்பிய ஒன்பதாவது விநாடியில் பாய்ச்சல் உச்சத்தில் இருக்கும், நிமிடத்துக்கு 900,000 கேலன் என்ற வேகத்தில். நெருப்பை அணைப்பதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். சத்தத்தை அடக்கத்தான் அந்தத் தண்ணீர். பூஸ்டர்களின் இரைச்சல் இரும்பில் மோதித் திரும்பினால், அந்த அதிர்வே ஓடத்தையும் அதில் ஏற்றிய சரக்கையும் உலுக்கிக் கெடுத்துவிடும்.

மேல்தளத்தில் ஆறு பெரிய குழாய்கள் நிற்கின்றன. 'ரெயின்பேர்ட்' என்று பெயர், மழைப்பறவை. உயரம் 12 அடி. நடுவில் உள்ள இரண்டும் 42 அங்குல விட்டம், மற்ற நான்கும் 30 அங்குலம். எனக்கு 25 மில்லிமீட்டர் உயரம், விட்டம் 7.4, 5.3. சின்ன நான்குக்கு, மாமாக் கடையில் பொட்டலத் தேநீருக்குக் கொடுக்கும் ஸ்ட்ரா கிட்டத்தட்டச் சரியாக இருந்தது, உள்ளே ஒரு பிளாஸ்டிக் குச்சியைச் செருகி, தலையை அரம்போட்டு உருவாக்கினேன். பெரிய இரண்டுக்குச் சரியான குழாய் தேடி, ஹார்ட்வேர் கடை, பாசார் மாலாம், எழுதுபொருள் கடை எல்லாம் காலிபரோடு அலைந்தேன். கடைசியில் கிடைத்தது மகளின் மார்க்கர் பேனாவின் உடல். காய்ந்துபோன பேனாதான் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

தண்ணீர்ப் பைகளின் கதை சுவையானது. 1981 ஏப்ரல் 12ஆம் தேதி முதல் விண்ணோடப் பயணம். இதே கொலம்பியாதான், உள்ளே ஜான் யங்கும் ராபர்ட் கிரிப்பனும். பூஸ்டர்கள் பற்றிய நொடியில் அழுத்த அலை ஒன்று ஓட்டைகளிலிருந்து திரும்பி மேலே வந்து ஓடத்தை அறைந்தது. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பலமான அறை. வெப்பத்தைத் தாங்கும் ஓடுகளில் 16 விழுந்துவிட்டன, 148 சேதமடைந்தன. அடுத்த பயணத்துக்குள் பொறியாளர்கள் கண்டுபிடித்த மாற்று, பூஸ்டர் ஓட்டைகளுக்குக் குறுக்கே தண்ணீர் நிரப்பிய பைகளைத் தொட்டில்போல் கட்டிவிடுவது. அலை அந்தத் தண்ணீரை உடைப்பதிலேயே தன் வலுவை இழந்துவிடும். கூடவே ஓட்டைகளுக்குள் தண்ணீரைப் பீய்ச்சவும் ஏற்பாடு செய்தார்கள்.

அந்தப் பைகளின் தொய்வைப் பிளாஸ்டிக்கில் கொண்டுவர முடியவில்லை. காகிதம் மடிந்தது. ஒருநாள் குடித்து முடித்த தேநீர்ப் பையை மனைவி தட்டில் பிழிந்து போட்டபோது பார்த்தேன், அதே தொய்வு! பையைக் கிழித்துக் காயவைத்து, வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து நனைத்து, கம்பிகளுக்குக் குறுக்கே போட்டேன். தானாகவே வயிறு இறங்கிக் காய்ந்தது. எங்கள் வீட்டில் இதுவரை யாரும் குறை சொல்லாத பாகம் அது ஒன்றுதான்.

இயந்திரங்கள் பற்றும் முன் அடியில் பூத்திரிபோல் பொறி பறக்குமே, அதையும் மகள் கேட்டாள். தீபாவளிக்குத் திரியைக் கொளுத்துவதுபோல் அதுதான் இயந்திரத்தைப் பற்றவைக்கிறது என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படியல்ல. கசிந்து தேங்கிய ஹைட்ரஜன் வாயு மொத்தமாக வெடிக்காமல் இருக்க, அதை முன்கூட்டியே எரித்துவிடும் ஏற்பாடு அது. புறப்படுவதற்குப் பத்து விநாடி முன்பு பொறி கிளம்பும், 6.6 விநாடி முன்பு இயந்திரங்கள் பற்றும். அந்தப் பொறிக் குழாய்களை ஊசி முனையளவு கம்பித் துண்டுகளால் செய்தேன். தும்மலில் ஒன்று பறந்துபோய், மறுநாள் காலையில் அப்பாவின் செருப்பில் கிடைத்தது.

ஓடத்தின் வாலுக்கு இரு பக்கமும் 31 அடி உயரத்தில் இரண்டு பெட்டிகள் நிற்கும். இடப்பக்கத்துப் பெட்டி வழியாகத் திரவ ஹைட்ரஜன் போகும், வலப்பக்கம் திரவ ஆக்சிஜன். கிளம்பும் நொடியில் குழாய் இணைப்பு பின்வாங்கி உள்ளே போய், கதவு மூடிக்கொள்ளும். இந்த இரண்டும் மூன்று வாரம் எடுத்தன, சொல்ல வேறொன்றுமில்லை. வண்ணமும் அப்படித்தான். மேடை சாம்பல் நிறம் என்று ஒரு டப்பாவை வாங்கி அடித்தால் பொம்மையாகிவிடும். கரி, துரு, தண்ணீர் வழிந்த கறை என்று ஒவ்வோர் இரவும் கொஞ்சம் கொஞ்சமாக அழுக்காக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஆகச் சிறிய பாகங்களில் ஒன்று மேடையில் இல்லை. ஆரஞ்சுத் தொட்டியில் இருக்கிறது.

ஓடத்தின் மூக்குப் பக்கத்தைத் தொட்டியோடு பிணைக்கும் இரண்டு கால்கள் உண்டு. அந்தக் கால்களின் அடியில், பனிக்கட்டி உறையாமல் இருக்க, நுரையால் செய்த சரிவான இரு மேடுகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30 அங்குல நீளம். எனக்கு ஐந்து மில்லிமீட்டர், நெல்மணியைவிடச் சின்னது. 2003 ஜனவரி 16ஆம் தேதி கொலம்பியா கிளம்பிய 82ஆவது விநாடியில் இடப்பக்க மேட்டிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து, இடது இறக்கையின் விளிம்பில் மோதியது. துண்டின் எடை முக்கால் கிலோ இருக்கும். விண்வெளியில் பதினாறு நாள். பிப்ரவரி 1ஆம் தேதி திரும்பி வரும்போது அந்த ஓட்டை வழியாக வெப்பக் காற்று உள்ளே நுழைந்தது. டெக்சஸ் வானத்தில் கல்பனா உட்பட ஏழு பேர்.

கிட்டில் அந்த மேடு சரியாக வரவில்லை. புட்டியை உருட்டி, பேனாக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தேன். மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. கதை முழுவதும் தெரியும். பக்கத்தில் வந்து நின்றவள், என் கத்தி முனையில் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள்.

"இதுதானா?"

"ஆமாம்மா."

"இவ்வளவு சின்னதா?"

வைக்க வேண்டுமா என்று அவளிடமே கேட்டேன். 2005இல் மறுபடி ஓடங்கள் பறக்க ஆரம்பித்தபோது அந்த நுரை மேட்டையே எடுத்துவிட்டு வெப்பமூட்டிகள் வைத்தார்கள். அதுபோல நாமும் இல்லாமலே விட்டுவிடலாம், கேட்டால் பிந்திய வடிவம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றேன். அவள் யோசிக்கவே இல்லை. "கல்பனா போனப்ப இருந்துச்சுல்ல? அப்படின்னா வைக்கணும்." அப்பா நாற்காலியிலிருந்து தலையை மட்டும் ஆட்டினார். இடுக்கியை அவளிடம் கொடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளே வைத்தாள்.

இப்போது கடைசி வேலை, தாங்கிகள். கிளம்பும் வேளையில் 2,000 டன் எடை. அத்தனையையும் எட்டே தாங்கிகள் சுமக்கின்றன, ஒரு பூஸ்டருக்கு நான்கு. ஒவ்வொன்றிலும் 28 அங்குல நீளம், மூன்றரை அங்குலத் தடிமனில் ஒரு பெரிய போல்ட். பூஸ்டர் பற்றும் நொடியில் போல்ட்டின் தலையிலுள்ள நட்டைச் சிறு வெடிமருந்து இரண்டாகப் பிளக்கும். இறுக்கி முறுக்கிய போல்ட் விடுபட்டுக் கீழே பாயும். அது மோதி நிற்பதற்காக அடியில் ஒரு கலம் வைத்திருப்பார்கள். அந்தக் கலத்தில் மணல் இருக்கும். எத்தனையோ கோடி டாலர் இயந்திரத்தில் கடைசியில் வெறும் மணல்!

என் போல்ட் ஐந்து மில்லிமீட்டர் நீளம், 0.6 மில்லிமீட்டர் தடிமன். தாங்கி மூடிவிட்டால் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. அதனால் போல்ட் மட்டும் போதும், கலம் வேண்டாம் என்று திட்டமிட்டிருந்தேன். மணல் விஷயத்தை ஏன் வாய்விட்டுச் சொன்னேனோ! போன பள்ளி விடுமுறையில் டெசாரு கடற்கரைக்குப் போனபோது மகளும் தாத்தாவும் மாத்திரை டப்பா ஒன்றில் மணல் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்த மணல் என் அளவுக்குப் பாறாங்கல். இரண்டு நாளாக அப்பா அம்மியில் வைத்து அரைத்துக்கொண்டிருக்கிறார். நடுங்கும் கைக்கு அரைக்கிற வேலை தோதாக இருக்கிறது என்கிறார். அரைத்ததை மகள் வெள்ளைத் துணியில் சலித்து, தாத்தாவிடம் காட்டுகிறாள். அவர் விரல்நுனியில் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம்" என்கிறார். எட்டில் ஐந்து கலம் நிரம்பிவிட்டது. மிச்சம் மூன்று.